பெரிய ரயர் பூட்டினால் போதுமா?

வடக்கே காட்டுப்பாதையில் ஓட, கனடாவில் எங்கள் பிள்ளைகள் பிக்கப்புக்குப் பெரிய ரயர் பூட்டிக்கொண்டு என் கராஜுக்கு வருகிறார்கள். 31 அங்குலம் இருந்த இடத்தில் 35 போட்டால், வேகமானி 100 காட்டும்போது வண்டி ஓடுவது 113 கிலோமீற்றரில். ஏற்றத்தில் எஞ்சினும் திணறும். அச்சிலுள்ள 3.73 கியருக்குப் பதிலாக 4.21 வேண்டும், கிடைப்பது 4.10, 4.56. காட்டுக்கென்றால் நான் 4.56தான் சொல்வேன்.

பின்னச்சை மட்டும் மாற்றிக் காசு மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள். நாலு சில்லும் இழுக்கும்போது இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், ஏதோவொன்று உடையும். அந்தக் காட்டுக்குள் கைத்தொலைபேசியும் எடுக்காது. இரண்டிலும் ஒரே கியர் பூட்டி, வேகமானியையும் திருத்துவியுங்கள். முதல் 800 கிலோமீற்றர் பாரம் இழுக்காமல் ஓடி, பிறகு டிஃபரன்சியல் எண்ணெயை மாற்றுங்கள்.