தீக்காயமும் வளர்த்தெடுத்த தோலும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீக்காய மருத்துவத்தில் ஏற்பட்டுள்ள ஒரு முன்னேற்றத்தையும், அதனையொட்டி நமக்குள்ள கடமையையும் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கீற்றுக்கூரையில் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அந்தத் துயரத்தைத் தமிழகம் இன்றும் மறக்கவில்லை.

தோல் என்பது உடலைப் போர்த்திய வெறும் போர்வையன்று. உள்ளிருக்கும் நீரை வெளியேறாமல் காப்பதும், வெளியிருக்கும் கிருமிகளை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுவே. தோல் ஆழமாக வெந்துபோனால் அது தானாக மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, வேகாத பகுதியிலிருந்து, பெரும்பாலும் தொடையிலிருந்து, மெல்லிய தோலைச் சீவியெடுத்துக் காயத்தின்மீது ஒட்டுகின்றனர். ஆனால் உடல் முழுதும் வெந்தவருக்கு எடுப்பதற்குத் தோல் ஏது?

இக்கேள்விக்கு விடை காணும் வழி 1975இல் திறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகிய இருவரும், எலியின் உயிரணுக்களைப் படுக்கையாக இட்டு, அதன்மேல் மனிதத் தோலின் உயிரணுக்களைப் பெருகச் செய்தனர். அஞ்சல்தலை அளவுத் தோலிலிருந்து மூன்று, நான்கு வாரங்களில் உடலையே மூடுமளவு தோலை வளர்க்க இயலும் என்பது தெளிவாயிற்று. 1983இல் உடலில் 95 விழுக்காட்டிற்கும் மேல் வெந்துபோன ஐந்து, ஆறு வயதுச் சகோதரர் இருவருக்குப் பாஸ்டன் நகரில் இம்முறையில் மருத்துவம் செய்யப்பட்டது. பிழைப்பதரிது எனக் கருதப்பட்ட இருவரும் பிழைத்தனர்.

எனினும் இதற்கு எல்லைகள் உண்டு. இவ்வாறு வளர்வது மேல்தோல் மட்டுமே. வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் அதில் இல்லை. அது எளிதில் கிழியும், செலவும் மிகுதி. எல்லாவற்றினும் பெரிய தடை, அது வளரப் பிடிக்கும் மூன்று வாரங்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பியோனா வுட், உயிரணுக்களைத் தெளிப்பானால் காயத்தின்மீது தூவும் முறையைக் கண்டு, காத்திருப்பை ஏறத்தாழ ஐந்து நாளாகக் குறைத்தார். 2002 அக்டோபரில் பாலித் தீவில் குண்டுவெடிப்பில் காயமுற்று பெர்த் நகருக்குக் கொண்டுவரப்பட்ட 28 பேருக்கு மருத்துவம் செய்தது அவருடைய குழுவே.

நம் நாட்டில் இது இன்னும் எளியோர்க்கு எட்டும் மருத்துவமாகவில்லை. இறந்தோர் தானமாக அளித்த தோலைப் பாதுகாத்து, காயத்திற்குத் தற்காலிகப் போர்வையாக இடும் தோல் வங்கிகள் உள்ளன. மும்பை சயான் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டிலேயே அத்தகைய வங்கி தொடங்கப்பெற்றது. நமக்கு அண்மையில் கோவை கங்கா மருத்துவமனையிலும் உள்ளது. பிறர் தோலை உடல் சில வாரங்களே ஏற்கும். அதற்குள் நோயாளியின் சொந்தத் தோலைக் கொண்டு காயத்தை மூடியாக வேண்டும்.

அன்பர்களே! எந்த மருத்துவமும் உயிரோடு வந்து சேர்ந்தவருக்கே பயன்படும். காயம் எவ்வளவு ஆழமாகும் என்பதில் முதல் 20 நிமிடங்களுக்குப் பெரும் பங்குண்டு. பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு வண்டி புறப்படுமுன் நாம் செய்வதே முதல் மருத்துவம். வெந்த இடத்தில் ஓடும் குழாய்நீரை 20 நிமிடம் விடவேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு, எண்ணெய் எதுவும் கூடாது. வளையல், மோதிரங்களை உடனே கழற்றவேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. குழந்தையாயின் வேகாத பகுதி குளிராமல் போர்த்தி வைக்கவேண்டும். பின்னர்த் தூய துணியால் காயத்தை மூடி, 108 வண்டியை அழைக்கவேண்டும்.

ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவைச் சுற்றியும், நிக்காஹ் விருந்தில் பிரியாணி தேக்சாவைச் சுற்றியும் சிறுவர்கள் ஓடி விளையாடுவதை நாம் அனைவரும் பார்க்கின்றோம். அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டுவதற்கும், ஒளூச் செய்யும் குழாயிலிருந்து அவ்விடம்வரை நீளும் ரப்பர் குழாய் ஒன்றை வாங்கி வைப்பதற்கும் பெருஞ்செலவு ஆகாது. இவ்விரண்டையும் நிர்வாகக் குழு ஏற்றுச் செய்யுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.

ஆய்வுக்கூடத்தில் தோலை வளர்க்க அறிஞர்கள் உழைக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு அது தேவைப்படாமற் காப்பது நம் பொறுப்பு.