அதிரும் வண்டியும் அளக்க வேண்டிய கோணமும்

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவரிற் பலருக்குச் சிறு சரக்கு வண்டியே பிழைப்புக்கு ஆதாரம். அதன் உடலைத் தாழ்த்திய பின்னர், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அடித்தளமே நடுங்குகிறது என்று குறை கூறுவோர் உண்டு. சக்கரத்தைச் சமன் செய்கிறார்கள். புது டயர் மாட்டுகிறார்கள். பணம் கரைகிறது, நடுக்கம் நிற்பதில்லை. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

முன்னே எஞ்சின், பின் சக்கரங்களுக்கு விசை. இடையே நீண்டதொரு சுழல்தண்டு. இந்நகரம் இவ்வமைப்பை நெடுங்காலமாக அறியும். பம்பாயில் மகிந்திரா நிறுவனம் இணைத்த வில்லிஸ் ஜீப்பிலும் இது இருந்தது. குர்லாவில் உருவாகி, 2023 வரை டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினியிலும் இருந்தது. இன்றைய பொலேரோ பிக்கப்பிலும் இருக்கிறது.

தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் சிலுவை மூட்டுகள் உள்ளன. மூட்டு வளைந்து சுழலும்போது அதன் இரு பக்கங்களும் ஒரே சீராகச் சுழல்வதில்லை. வளைவு 10 பாகை என்று கொள்வோம். கியர்ப்பெட்டி நிமிடத்துக்கு 1000 சுற்று என்று ஒரே சீராகச் சுழன்றாலும், தண்டின் வேகம் 985க்கும் 1015க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். பின் மூட்டும் அதே அளவு வளைந்து, இரு கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், முன்னது செய்த குறையைப் பின்னது தீர்த்துவிடும். கணக்கின் அழகு இதுதான்.

வண்டியைத் தாழ்த்த, கமான் பட்டையின் கீழிருக்கும் பின் அச்சை மேலாக மாற்றிப் புதிய இருக்கை பற்றவைக்கும்போது, அச்சின் மூக்கு சற்றே திரும்பிவிடுகிறது. உதாரணமாக, கியர்ப்பெட்டி பின்னோக்கி 3 பாகையும் தண்டு 5 பாகையும் சரிந்திருந்தால், முன் மூட்டின் வளைவு 2 பாகை. அச்சின் மூக்கு 3 பாகை மேல்நோக்கி இருந்தால் பின் மூட்டின் வளைவும் 2. மூக்கு மட்டமாக நின்றுவிட்டால் 5. இந்த வேற்றுமையே நடுக்கம்.

நோயை அறிவது எளிது. அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் மாறாது நின்றால் எஞ்சின் குற்றவாளியன்று. பின் அச்சின் விகிதம் நான்கு என்றால், சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் தண்டு நான்குமுறை சுழல்கிறது. மூட்டின் அதிர்வோ எட்டுமுறை. ஆகவே சக்கரக் கோளாறு மெதுவான ஆட்டமாகவும், மூட்டுக் கோளாறு நுண்ணிய துடிப்பாகவும் தோன்றும்.

சீர் செய்யும் முறை இது. வண்டியை ஜாக்கியில் தொங்கவிடாமல், மட்டமான தரையில், வழக்கமான சுமையோடு நிறுத்துக. கியர்ப்பெட்டி, தண்டு, அச்சு மூக்கு ஆகிய மூன்றின் சாய்வையும் கோணமானியால் அளந்து எழுதுக. பட்டைக்கும் அச்சுக்கும் இடையே சரியான ஆப்பு வைத்து மூக்கைத் திருத்துக. விசை ஏறும்போது பட்டை முறுகி மூக்கு உயருமாதலால், ஒரு பாகை தாழ வைப்பது நலம். மூட்டு முற்றிலும் நேராகவும் இருத்தலாகாது. அரைப் பாகையேனும் வளைவு இல்லையேல் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் நகராமல் ஓரிடத்திலேயே பள்ளம் பறிக்கும். தண்டைக் கழற்றுமுன் இரு துண்டுகளிலும் சாயக்கோடு இட்டுக்கொள்க. ஒரு பல் மாறிப் பூட்டினாலும் கவைகள் தளம் பிறழும்.

இதனை அலட்சியம் செய்வோர்க்கு ஒரு வார்த்தை. தேய்ந்த மூட்டு அறுந்து தண்டின் முன்முனை சாலையில் ஊன்றினால், கண்டாலா மலைப்பாதையில் என்ன நேரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. தாழ்த்துவதற்கு முன்பே பதிவு அதிகாரியைக் கேட்பது விவேகம். ஏற்கெனவே தாழ்த்தியவர்கள், அடுத்த டயருக்குப் பணம் எடுக்குமுன், அந்த மூன்று எண்களை அளந்து பார்ப்பார்களாக.