பெட்டி வாங்கும் முன் பைக்கைக் கேளுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் தூரப் பயணம் போகிற பைக்குகள் கூடிவிட்டன. சனிக்கிழமை விடிகாலையில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருவர் ராமேசுவரம் கிளம்புகிறார், இன்னொருவர் கொடைக்கானல், இளவட்டங்கள் போடிமெட்டு வழியாக மூணாறு. தம்பதியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், எந்தப் பெட்டி வாங்கலாம்?" அதைப் பற்றியே பேசிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார்.

ஒரு கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அது உங்கள் வண்டிக்கும், உங்கள் எடைக்கும், பின்னால் உட்காருபவருக்கும் பொருந்தாது. பெட்டியை நாம் லிட்டர் கணக்கில் வாங்குகிறோம். பைக் அதைக் கிலோ கணக்கில் சுமக்கிறது. இந்த இரண்டு கணக்கும் பொருந்தாத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் பெட்டியைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பெட்ரோல், ஆயிலோடு வண்டியின் எடை. மற்றொன்று ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டி சுமக்கக்கூடிய எடை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வண்டி 195 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 370 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 175. ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ. இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் சேர்த்து 10 கிலோ. ஆக 145 போய்விட்டது. கையில் இருப்பது 30 கிலோ. இப்போது ஆசைப்பட்டு இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ், மூன்றையும் தாங்க இரும்பு ரேக் என்று மாட்டினால், ஒரு சாமான்கூட வைப்பதற்கு முன்பே 20 கிலோவைத் தாண்டிவிடலாம். துணிமணிக்கும் டூல்ஸுக்கும் 8, 10 கிலோதான் மிஞ்சும். பெட்டியோ நூறு லிட்டருக்கு மேல் காலியாக இருக்கிறது. காலி இடத்தைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காது, நிரப்பிவிடுவோம். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும்.

இதே வண்டிக்குத் துணியாலான சாடில் பேக் ஒரு ஜோடியும், அது சக்கரத்தில் படாமல் இருக்க மெல்லிய கம்பித் தாங்கியும் போட்டால் எட்டு, பத்து கிலோவில் முடிந்துவிடும். 20 கிலோ சாமானுக்கு இடம் கிடைக்கும். 125, 150 சிசி வண்டி வைத்திருக்கும் தம்பிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இருவர் ஏறினாலே அனுமதித்த எடையை நெருங்கிவிடும் வண்டிகள் உண்டு. அவற்றில் மூன்று பெட்டி மாட்டுவது அழகுக்கு வேண்டுமானால் சரி, பாதுகாப்புக்குச் சரியில்லை.

அடுத்த கேள்வி, எடையை எங்கே வைப்பது? இதற்குப் பாடம் நம் தெருவிலேயே இருக்கிறது. பால்காரர் வண்டியைப் பாருங்கள். கேன்கள் இரண்டு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கும். அந்தக் காலத்துப் பொதிமாட்டின் முதுகிலும் இப்படித்தான் சுமையைப் பிரித்துப் போட்டார்கள். பளு தாழ்வாகவும், இரண்டு பக்கமும் சமமாகவும், வண்டியின் நடுவை ஒட்டியும் இருக்க வேண்டும். பெட்டி எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் இந்த மூன்று விதிகள் மாறாது.

டாப் பாக்ஸ் இந்த மூன்றில் இரண்டை மீறுகிறது. அது உயரத்தில் இருக்கிறது, பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. பெட்டி 4 கிலோ, தட்டு 2 கிலோ, சாமான் 10 கிலோ, ஆக 16 கிலோ என்று வையுங்கள். அதன் நடு, பின் அச்சுக்கு 35 செ.மீ. பின்னால் இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 140 செ.மீ. நெம்புகோல் கணக்குப்படி பின்சக்கரத்தில் ஏறுவது 16 கிலோ மட்டுமல்ல, 20 கிலோ. அந்தக் கூடுதல் 4 கிலோ முன்சக்கரத்திலிருந்து குறைந்தது. பின்னால் ஆள் இருந்தால் முன்பக்கம் ஏற்கெனவே லேசாகியிருக்கும். மலை ஏறும்போது இன்னும் லேசாகும். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹேண்டில் கையில் நிற்காமல் மிதக்கிற மாதிரி இருந்தால் காரணத்தை முதலில் பின்னால் தேடுங்கள்.

அதற்காக டாப் பாக்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குள் ஹெல்மெட் வைக்க, காய்கறி வாங்க, மழைக்கோட்டு போட்டு வைக்க அதைப்போல வசதி கிடையாது. பயணத்தில் அதில் லேசான பொருள் மட்டும் இருக்கட்டும். டூல்ஸ், பங்சர் சாமான், தண்ணீர் பாட்டில் எல்லாம் பக்கப் பெட்டியின் அடியில் போகட்டும். எத்தனை கிலோ வைக்கலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்று நல்ல பெட்டியோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். 10 கிலோ, மணிக்கு 120 கி.மீ. என்பது அடிக்கடி காணும் எண். அந்தப் 10 கிலோ பெட்டி தாங்கும் அளவு. உங்கள் வண்டியின் பின் கேரியர் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு.

இனி பெட்டியின் வகைக்கு வருவோம். வெளிநாட்டுப் பெட்டிகளில் இத்தாலியின் கிவி இங்கே பலருக்கும் தெரிந்த பெயர். 1978-இல், முன்னாள் பந்தய வீரர் ஜூசெப்பே விசென்சி தொடங்கியது. நம் நாட்டில் ஸ்டட்ஸ் பெட்டிகளும், துணிப்பைகளில் பெங்களூரு வியாடெர்ரா, மும்பை ரைனாக்ஸ் போன்றவையும் கிடைக்கின்றன. பெயரை விட, நாம் போகிற சாலைக்கு எந்தப் பொருள் ஒத்துவரும் என்று பார்ப்பது நல்லது.

ராமேசுவரம், தனுஷ்கோடி அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. அலுமினியப் பெட்டி தாக்குப்பிடிக்கும். ஆனால் அதைத் தாங்கும் இரும்பு ரேக்கும் போல்ட்டும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுங்கள், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தனுஷ்கோடியில் சாலையோரம் மணல் ஏறியிருக்கும். மெதுவாகப் போகும்போது வண்டி சறுக்கி, காலை ஊன்றுகிறோம். அப்போது அகலமான கெட்டிப் பெட்டி பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் இடித்துக் காலை மாட்டிவைக்கும். மண், மணல் பாதையில் போகிறவர்களுக்குத் துணிப்பை நல்லது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நாகர்கோவில், கன்னியாகுமரி போகிறவர்களுக்குக் காற்று. கயத்தாறு பக்கத்திலும், ஆரல்வாய்மொழி முப்பந்தலிலும் காற்றாலைகளை ஏன் நட்டிருக்கிறார்கள் என்று யோசித்தால் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே குறுக்குக் காற்று பலமாக அடிக்கும். தட்டையான பெரிய பக்கப் பெட்டி அந்தக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. அந்த மாதங்களில் சிறிய பெட்டி, குறைந்த வேகம்.

அப்புறம் நம் மதுரை வெயில். சித்திரையில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால் கறுப்புப் பெட்டியின் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். இன்சுலின், மற்ற மருந்துகள், பவர் பேங்க் ஆகியவற்றை அதில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கெட்டிப் பெட்டியில் மூடியின் ரப்பர் விளிம்பைப் பாருங்கள். துணிப்பையில் தண்ணீர் புகாத உள்பை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

துணிப்பை வாங்குகிறவர்கள் சைலன்சரை மறக்கக் கூடாது. நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம். பை அதில் பட்டால் உருகும், தீயும் பிடிக்கலாம். ஆள் ஏறி உட்கார்ந்து, பள்ளத்தில் வண்டி இறங்கும்போதும் கைப்பிடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். துணிப்பைக்குப் பூட்டுப் பலம் குறைவு என்பதும் உண்மை. கோயிலுக்குள் போகும்போது வண்டியில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் உள்ளவர்களுக்குப் பூட்டுள்ள கெட்டிப் பெட்டி மன நிம்மதி.

இப்போது ரேக். பெட்டிக்கு இருபதாயிரம் கொடுத்துவிட்டு ரேக்கில் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. ஹோண்டா கோல்டு விங் 1975-இல் வந்தபோது அதில் பெட்டி கிடையாது. 1980-இல் இன்டர்ஸ்டேட் என்ற வகையில்தான் கம்பெனியே பெட்டியோடு விற்றது. அப்படி விற்கும்போது சட்டம், ஸ்பிரிங் எல்லாம் அந்தப் பளுவை எண்ணியே இருக்கும். நம் வண்டிகளில் பெரும்பாலும் நாமே பின்னால் சேர்க்கிறோம். அதனால் உங்கள் மாடலுக்கென்றே செய்த, வண்டியில் இருக்கும் போல்ட் துளைகளிலேயே மாட்டக்கூடிய ரேக்கை வாங்குங்கள். பட்டறையில் ரேக் செய்யச் சொல்லலாம், நம் ஊரில் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் வண்டியின் சட்டத்தில் வெல்டிங் வைக்க மட்டும் விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும், பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு நட்டைக் கழற்றிவிடும். நைலான் வளையமுள்ள நட் போடுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்குங்கள்.

பின்னால் உட்காருபவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டி வாங்கும்போது அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். ஏறி இறங்கக் கால் தூக்க முடிகிறதா, ஃபுட் ரெஸ்டில் குதிகால் பெட்டியில் இடிக்கிறதா என்று அவர்தான் சொல்ல முடியும். சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் இடது பக்கப் பெட்டி ஒத்துவராது. பெட்டிக்காகச் சேலை கார்டைக் கழற்றும் பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். சக்கரத்தில் சேலை சிக்காமல் காப்பது அதுதான், சட்டமும் அதைக் கேட்கிறது. நீண்ட பயணத்துக்குச் சுடிதாரில் இருபக்கமும் கால் போட்டு உட்காருவது பாதுகாப்பு என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

சட்டம் என்றதும் ஒன்று. 2020-இல் அறிவித்த விதித் திருத்தத்தில் இருசக்கர வண்டியில் வைக்கும் இலகுவான பெட்டிக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள்: நீளம் 550 மி.மீ., அகலம் 510 மி.மீ., உயரம் 500 மி.மீ. வரை. பின்சீட்டின் மேல் பெட்டி வைத்தால் இரண்டாவது ஆள் ஏறக் கூடாது. எந்தப் பெட்டியும் இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெட்டிகளின் வெளி விளிம்பு ஹேண்டிலைவிட அகலமாக இருந்தால், கீழவாசலிலோ சிம்மக்கல்லிலோ ஹேண்டில் நுழைந்த இடத்தில் பெட்டி இடிக்கும். நம் வண்டி நிறுத்தும் இடத்திலும் பக்கத்து வண்டிக்காரர் முகம் சுளிக்காமல் இருக்க, ஊருக்குத் திரும்பியதும் பக்கப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது நல்லது.

வாங்கியாயிற்று, மாட்டியாயிற்று என்றால் நேரே மூணாறு கிளம்பாதீர்கள். முழுச் சாமானும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஒரு காலையில் அழகர்கோவில் வரை போய் வாருங்கள், சுமார் 20 கி.மீ.தான். கிளம்பும் முன் டயர் காற்றை, இருவருக்கும் சுமைக்கும் கையேட்டில் சொன்ன அளவில் வையுங்கள். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், அதையும் சரிசெய்யுங்கள். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடியிருப்பதை அந்த ஒரு சுற்றிலேயே உணர்வீர்கள். அந்த அறிமுகம் மலையில் முதல்முறையாக நடக்கக் கூடாது.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். கையேட்டைப் பார்த்துச் சுமை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கொண்டுபோகும் சாமானை எல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பின்னால் வருபவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மூன்று பதிலும் கையில் இருந்தால் எந்தக் கடைக்காரரும் உங்களுக்குத் தேவையில்லாத பெட்டியை விற்க முடியாது. நம் குடியிருப்பிலேயே பெட்டி, பை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறோம். கேட்டால் ஒருநாள் மாட்டிப் பார்க்கத் தருவோம்.

நிதானமாகப் போய், நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.