பெருமுக்கல்: பெயரிழந்த மலையும் நம் கடமையும்

(வானூரில் நடந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஊர் வரலாறு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வரலாறு என்றவுடன் மதுரைக்கும் தஞ்சைக்கும் ஓடுவது நம்மவர் வழக்கம். மதுரையைப் பாடுதற்கும் தஞ்சையைப் புகழ்தற்கும் ஆயிரம் பேர் உளர். நம் வானூருக்கு வடக்கே, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், ஒரு கருங்கற் குன்றும் அதன் அடியில் ஒரு சிற்றூரும் உள்ளன. பெருமுக்கல் என்பது அதன் பெயர். அதனைப் பேச ஆளில்லை. ஆகவே யான் இன்று அதனையே எடுத்துக்கொண்டேன்.

இங்கு வந்திருப்போரில் எத்துணைப் பேர் அம்மலைமேல் ஏறியிருக்கின்றீர்கள்? கை தூக்குங்கள் என்று கேட்டு யாரையும் நாணச் செய்ய யான் விரும்பவில்லை. நம் வானூர் வட்டத்தில் 1968-இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லைக் காணக் கடல் கடந்து மக்கள் வருகின்றனர். அவர்கள் வருவதில் குற்றமில்லை. உள்ளூர் மலையை உள்ளூரார் காணாதிருப்பதே குற்றம்.

முதற்கண் நிலத்தைப் பார்ப்போம். இப்பகுதிக்குப் பழம்பெயர் ஓய்மானாடு. இதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது சிறுபாணாற்றுப்படை. அதனைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்நூல் நான்கு ஊர்களைப் பெயர் சுட்டிக் காட்டுகின்றது: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவர் அறிஞர். நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாற மாறப் பாணன் நடந்து செல்லும் வழி அது. கடலில் தொடங்கி உள்நாடு செல்லும் அவ்வழியைப் படிக்கும்போதெல்லாம், நம் மரக்காணச் சாலையே என் கண்முன் நிற்கும்.

அந்நூலில் உமணரைப் பற்றிய ஒரு காட்சி உண்டு. உப்பு ஏற்றிய வண்டிகள் நிரையாகச் செல்கின்றன. உமணர் வளர்த்த மந்தியொன்று அவர்தம் சிறுவரோடு விளையாடுகின்றது. அரசனைப் பாட வந்த புலவர்க்கு உப்பு வாணிகரின் பிள்ளையும் குரங்கும் பாடுபொருளாயின! உழைக்கும் மக்களைப் பாட்டில் ஏற்றிய மொழி நம் மொழி. அவ்வுப்பு இன்றும் மரக்காணத்து அளங்களில் விளைகின்றது. கழியின் நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிக்கும் அத்தொழிலில், ஆணும் பெண்ணும் இன்றும் காலில் உவர்நீர் அரிக்க நிற்கின்றனர். அளம் என்னும் சொல்லும் அழியவில்லை. பேரளம், கோவளம் என ஊர்ப் பெயர்களில் வாழ்கின்றது.

இனி மலைக்கு வருவோம். மலையைக் குறிக்கத் தமிழில் எத்துணைச் சொற்கள்! குன்று, குவடு, வரை, வெற்பு, பொருப்பு, பொறை, அடுக்கம், சிலம்பு, ஓங்கல் என அடுக்கலாம். அவற்றுள் எளியது கல் என்பது. கல் என்றால் உடைந்து கிடக்கும் துண்டு மட்டுமன்று. மலைக்கும் அதுவே பெயர். மூன்று கனி முக்கனி ஆவதுபோல், மூன்று கல் முக்கல் ஆகும். அதனோடு பெருமை சேரப் பெருமுக்கல். இலக்கண நெறிக்கு இப்பிரிப்புப் பொருந்தி வருகின்றது. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் பெயர் இது.

இப்பெயர்க்கு நேர்ந்தது என்ன? மலைமேல் உள்ள சிவன் கோயில் இறைவனுக்கு இன்று வழங்கும் பெயர் முக்தியாசலேசுவரர். அசலம் என்பது மலையைக் குறிக்கும் வடசொல். முக்கல் என்பதன் கடைப்பகுதி அசலம் ஆயிற்று. முதற்பகுதி முத்தி ஆயிற்று என்பது என் கருத்து. மூன்று என்னும் எண் வீடுபேறாக மாறிவிட்டது! முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும், மறைக்காடு வேதாரணியம் ஆனதும் இவ்வகையே. ஆங்கெல்லாம் பொருளையாவது ஒருவாறு காத்தனர். ஈண்டு ஓசை ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்டனர்.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பற்று மிகுதியால், கேட்ட சொல்லையெல்லாம் மனம்போனபடி வெட்டி ஒட்டிப் பொருள் கூறுவோர் நம்முள்ளும் உளர். இக்கோயிலைக் கல்வெட்டு திருவான்மிகை ஈச்சுரம் என்று குறிக்கின்றது. வான், மிகை என்று பிரித்து, வானளாவிய கோயில் எனப் பொருள் கொள்ள என் நெஞ்சம் விழைகின்றது. ஆயின் வான்மீகி முனிவர் இம்மலையில் வழிபட்டார் என்னும் தொன்மக் கதையும் ஈண்டு வழங்குகின்றது. கல்வெட்டுப் பெயர் அக்கதையிலிருந்து வந்ததாகவும் இருத்தல் கூடும். விருப்பத்தைச் சான்றாக வைத்தல் ஆகாது. முக்கல் தமிழ் என்பதற்கு எனக்குத் தயக்கமில்லை; வான்மிகையை ஐயத்தோடே விடுகின்றேன். ஐயுறத் தெரிந்தவன் சொல்லையே மாற்றான் மதிப்பான்.

பெயர் ஒருமுறை மட்டும் கெடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மலை ஒரு கோட்டையாக இருந்தது. 1760 சனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். ஆங்கிலேயர் புதுச்சேரியை நோக்கி நகர்ந்தனர். அவ்வழியில் நின்ற இம்மலைக்கோட்டையை அவ்வாண்டிலேயே கூட் என்னும் படைத்தலைவன் கைப்பற்றினான். அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. இருபது ஆண்டு கழித்து ஐதரலியின் படை இம்மலையை முற்றுகையிட்டது. 1781 தொடக்கத்தில் கூட் வந்து முற்றுகையை நீக்கினான். 1782-இல் ஐதரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து இதனைக் கைக்கொண்டனர். கருநாடகப் போர்களை எழுதிய ஆங்கில நூல்களில் இம்மலை இடம்பெறுகின்றது. என்ன பெயரில்? பெர்மாக்கோயில்! சிவனுக்குரிய மலை, பெருமாள் கோயிலோ என மயங்குமாறு அயலார் நாவில் சிதைந்தது. ஒரு முனையில் வடமொழி, மறு முனையில் ஆங்கிலம். இடையில் அகப்பட்டது முக்கல்.

கோயிலும் கோட்டையும் தோன்றுமுன்னரே இம்மலையில் மாந்தன் வாழ்ந்தான். மலையிலுள்ள பாறைக் குகையில் வரலாற்றுக்கு முற்பட்ட கீறல் உருக்கள் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் காண்பன செவ்வண்ணத்தால் தீட்டிய ஓவியங்கள். பெருமுக்கல்லில் உள்ளவையோ பாறையையே கீறி அமைத்தவை. அவற்றுள் சில குறிகள் சிந்துவெளிக் குறிகளை ஒத்துள்ளன என்று கருதுவோரும் உண்டு. அம்முடிபை ஆய்வாளர்க்கே விட்டுவிடுவோம். ஏட்டில் எழுத அறியாத காலத்தும், தன் கருத்தைக் கல்லில் பதிக்க ஒருவன் அங்கே குனிந்து அமர்ந்திருந்தான் என்பது ஐயமற்ற உண்மை. அவன் கைத்தடம் நம் கண்ணெதிரே உள்ளது. ஊரார் அக்குகையைச் சீதையோடு தொடர்புபடுத்திக் கதை சொல்வர். கதையை யான் பழிக்கவில்லை. கதைக்கு முற்பட்டவனை மறந்துவிட வேண்டா என்கின்றேன்.

பின்னர்ச் சோழர் காலம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட விக்கிரமச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இக்கோயிலில் உள்ளன. பிற்காலத்தார் வெட்டியனவும் உள. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கெரித்தார் என்பவற்றையெல்லாம் நமக்குச் சொல்வன இத்தகைய கல்வெட்டுகளே. கார்த்திகைத் திங்களில் இம்மலையுச்சியில் ஏற்றும் ஒளியைச் சுற்றுப்புறச் சிற்றூரார் தத்தம் வாயிலில் நின்றே கண்டு வழிபடுவர். மலை ஓர் ஊர்க்கு உரியதாயினும், அவ்விளக்கீடு பல ஊர்க்கும் பொதுவானது.

அண்டையூர்களையும் மறவற்க. நம் வட்டத்துத் திருவக்கரை, இரும்பை, ஒழிந்தியாப்பட்டாகிய அரசிலி ஆகிய மூன்றும் சம்பந்தர் பாடிய ஊர்கள். திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றைக் குறித்தார். மரக்காணத்தை அடுத்த கழுவெளி நீர்ப்பரப்பு, வேற்று நாட்டுப் பறவைகளும் வந்து தங்குமிடமாதலின், 2021-இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. மலையும் கழியும் அளமும் கல்மரமும் இவ்வளவு நெருங்கியிருக்கும் நிலம் எளிதில் வாய்ப்பதன்று.

பெருமக்களே! இனித்தான் யான் சொல்ல வந்ததைச் சொல்கின்றேன். கல்வெட்டு என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். கல்லில் எழுத்தை வெட்டுதல் ஒன்று. கல்லையே வெட்டி விற்றல் மற்றொன்று. நம் முன்னோர் முன்னதைச் செய்தனர். நாமோ பின்னதைச் செய்துகொண்டிருக்கின்றோம். திருவக்கரைப் பக்கம் சென்று பாருங்கள். வெடி வைத்துப் பிளந்த குழிகள், பனையாழத்திற்கும் கீழே, பச்சை நீர் தேங்கிக் கிடக்கின்றன. சாலையோரப் புளிய மரங்கள் வெண்டூள் போர்த்து நிற்கின்றன. இவ்வட்டாரத்துக் குன்றுகள் சாலைச் சல்லியாகவும் கட்டட மணலாகவும் பொடிந்து போகின்றன. மண் மீண்டும் படியும். மரம் மீண்டும் தளிர்க்கும். உடைத்த மலை மீண்டும் வளருமா?

சில ஆண்டுகட்கு முன்னர் என் மாணவர் சிலரைப் பெருமுக்கல்லுக்கு அழைத்துச் சென்றேன். குகையின் வாயிலில் நின்று, மலையைக் காக்க வேண்டும் என்று முழங்கினேன். எல்லாரும் கைதட்டினர். ஒருவன் மட்டும் தட்டவில்லை. இறங்கி வரும்போது மெல்ல என் பக்கம் வந்து, “ஐயா, எங்கப்பா கல் உடைக்கிறார். அந்த வேலை நின்றுபோனால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது, ஐயா” என்றான். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு அன்று விடை சொல்லச் சொல் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து அவன் தந்தையைக் கண்டேன். கல்தூள் நெஞ்சில் படிந்து, நாலு சொல் பேசுவதற்குள் இளைத்தார். மலையும் தேய்ந்தது, மலையை உடைத்தவரும் தேய்ந்தார். வண்டி வண்டியாய்ப் போன கல்லின் ஊதியம் அவர் வீட்டுக் கூரையைக்கூட மாற்றவில்லை.

அன்றே தெளிந்தேன். கல்லுடைப்போர் நமக்குப் பகைவரல்லர். சோழர் கோயிலைக் கட்டியவரும் கல்லுடைத்தவரே. உளியும் சம்மட்டியும் அவர்க்குச் செல்வம். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்னும் எல்லையின்றி, வெடியிடம் மலையை ஒப்படைத்துவிட்டு, உழைத்தவனைத் தூளோடு விட்டுவிடும் ஒழுங்கின்மையே நமக்குப் பகை. ஆகவே மலையைக் காக்க வேண்டும் என்போர், அவ்வுழைப்பாளர்க்கு மாற்றுப் பிழைப்பும் மருத்துவமும் வேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்டல் வேண்டும். பாதி கேட்பவனை ஊர் நம்பாது.

நாம் செய்யத்தக்கன என்ன? மூன்று சொல்வேன். ஒன்று: பெருமுக்கல் என்னும் பெயரை வாயாரச் சொல்லுங்கள், பள்ளியில் எழுதச் செய்யுங்கள். மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை எனத் தன் பெயரை மீட்டது. முயன்றால் பெயர் மீளும் என்பதற்கு அதுவே சான்று. இரண்டு: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறுங்கள். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுதலையும், குகைப் பாறையில் தம் பெயரைக் கிறுக்குதலையும் தடுங்கள். மக்கள் நடமாடும் மலையில் வெடி வைக்க எவரும் ஒருமுறை எண்ணுவர். மூன்று: கோயிலும் குகையும் உள்ள குன்றுகளைச் சுற்றிப் பரந்த காப்பெல்லை வகுக்க வேண்டுமென்று ஊர்மன்றந்தோறும் தீர்மானம் நிறைவேற்றி, ஊராரே கையொப்பமிட்டு அரசுக்கு முறையிடுங்கள். அம்முறையீட்டைத் தமிழில், நல்ல தமிழில் எழுதுங்கள். எழுதத் துணை வேண்டின் என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்.

பெயரை இழந்த மலையை ஒருவன் எளிதில் விலை பேசுவான். கேட்பார் இல்லாத கல் என்று எண்ணுவான். பெயரும் பொருளும் வரலாறும் அறிந்த ஊரார் அடிவாரத்தில் நின்றால், அவன் கை தயங்கும். மொழியைக் காத்தல் ஏட்டோடு நின்றுவிடும் பணியன்று. மண்ணையும் மலையையும் அதில் உழைப்பவனையும் சேர்த்துக் காப்பதே அப்பணி.

அடுத்த கார்த்திகை விளக்கீட்டன்று யான் பெருமுக்கல் அடிவாரத்தில் இருப்பேன். என்னிடம் அன்று வினாத் தொடுத்த அம்மாணவனும் வருவதாகச் சொல்லியிருக்கின்றான். நீங்களும் வருக.