தப்பும் தகரப் பெட்டியும்

(தோட்ட வரலாற்று விழா பற்றிய ஆலோசனைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்து, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. நம்ம தோட்டத்தில் வரலாற்று விழா ஒன்று வைக்க வேணும் என்று இளைஞர் மன்றம் கேட்டிருக்கிறது. அதில் எதை வைப்பது, யாரைப் பேச வைப்பது என்பதுதான் இன்றைய விஷயம்.

"இதால சம்பளம் கூடுமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. கூடாதுங்க. லயத்துக் கூரை ஒழுகுகிறபோது விழா எதற்கு என்று கேட்பதும் நியாயந்தான். ஆனால் வீட்டுக்கும் காணிக்கும் உரிமை வேணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். "நீங்கள் எப்போ வந்தவர்கள், என்ன செய்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் நம்ம பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் அரை பக்கம் இருந்தால் பெரிய காரியம்.

2023ஆம் ஆண்டு "மலையகம் 200" என்று நாடு முழுக்க நிகழ்ச்சிகள் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1823இல் கோப்பிப் பயிர்ச் செய்கை தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்ட 200 வருஷம். அன்று வந்தவர்கள் தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த நினைவாக 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கி, ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் முடிந்தது. நல்ல காரியம். கண்காட்சிகளும் கருத்தரங்குகளும் நாடகங்களும் நடந்தன. ஆனால் அதிகமானவை டவுனில்தான். வேலை நாளில் போனால் நம்ம ஆட்களுக்குப் பேர் விழாது. நம்மைப் பற்றிய விழாவை நாமே பார்க்க முடியாமல் போனதை என்ன சொல்வது? அதனால்தான் விழா இங்கேயே, இந்த மண்டபத்திலேயே நடக்கட்டும் என்கிறோம்.

முதலில் வேண்டியது பேச்சாளர் இல்லை, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டி. துணிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிற கடுதாசிகள்தான் நம்ம சரித்திரம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆன குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். அவர்களை ஏற்றிப் போன கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். கடைசியில் 2003இல் வந்த சட்டத்தால்தான் மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவர்கள், அவர்கள் வம்சத்தவர்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் நடந்த வீட்டில் ஒரு துண்டுக் கடுதாசியாவது கிடக்காமல் இருக்காது. மண்டபம் முகாம் சீட்டு, பழைய செக்ரோல் துண்டு, இந்தியாவிலிருந்து வந்த ஒரு கடிதம், எதுவானாலும் சரி. பெருநாளுக்கு வெள்ளையடிக்கிறபோது பழைய குப்பை என்று அடுப்பில் போடாதீர்கள் தாய்மாரே.

கம்பளைப் பக்கத்தில் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், "இது எங்க வீட்டிலயும் இருந்துச்சே" என்று சொல்லாத ஆள் இருக்க மாட்டார்.

அடுத்தது தப்பு. இதைக் கொஞ்சம் விளக்கமாகத்தான் பேச வேணும்.

விடியற்காலையில் பிரட்டுக்கு ஆளை எழுப்பியது தப்பு. கலியாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி. தூரத்து லயத்தில் இருந்துகொண்டே அடியைக் கேட்டு, என்ன விசேஷம் என்று சொன்ன கிழவிகள் இருந்தார்கள். மாசி மாசத்தில் காமன் பொட்டலில் கம்பம் நட்டதிலிருந்து, மன்மதன் எரிந்து ரதி ஒப்பாரி வைக்கிற இரவு வரைக்கும் தப்பு இல்லாமல் கூத்து இல்லை. நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, தோல் இறுகின பிறகுதான் அடிக்கவே தொடங்குவார்கள். அது ஒரு வித்தை. வருஷக் கணக்காய்ப் பழகாமல் வராது.

இப்போது விழா என்றால் எல்லோருக்கும் தப்பு வேணும். பிரமுகரை ரோட்டிலிருந்து அழைத்து வர வேணும், போட்டோவுக்கு வேணும். ஆனால் அடிக்கிறவரை மண்டப வாசலோடு நிறுத்திவிடுகிறோம். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குக் கடைசி இடம். இப்படி நடந்த விழாக்களைப் பார்த்துத்தான் அவர்களுடைய பிள்ளைகள் "எங்களுக்கு வேண்டாம்" என்று தப்பைக் கையில் தொடுவதே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? சாதியை வாசலில் காவலுக்கு வைத்துக்கொண்டு கலாசாரத்தை மேடையில் ஏற்றினால் அது யாருடைய கலாசாரம்? கோயில் கமிட்டியில் ஒரு சிலருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் எங்கள் யோசனை இதுதான்: முதல் மாலை தப்படிக்கிற பெரியவருக்கு. மேடையில் நாற்காலி போட்டு அவர் உட்கார வேணும். எந்த அடி எதற்கு என்று அவர் வாயாலேயே சொல்ல வேணும். கற்றுக்கொள்ள எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும், பெண் பிள்ளை உட்பட, சேர்க்க வேணும்.

பாட்டு விஷயமும் இருக்கிறது. மடக்கொம்பரையில் பிறந்த ஸி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் லயம் லயமாய்ப் பாடப்பட்ட பாட்டுகளைச் சேர்த்தார்கள். அது 1983இல் புத்தகமாக வந்தது. 1947இல் தலவாக்கலையிலிருந்து பார்லிமெண்டுக்குப் போன ஒரு மனிதர், தாலாட்டையும் ஒப்பாரியையும் எழுதி வைக்கிறது சின்ன வேலை என்று நினைக்கவில்லை. நம்ம தோட்டத்தில் பாடத் தெரிந்த ஆத்தாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் வெட்கப்படுவார்கள். மேடையில் மைக் வைத்தால் ஒரு வார்த்தை வராது. கொழுந்து மலையில், நிரையில் நின்று வேலை செய்கிறபோது தானாய் வரும்; பேத்திகள் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதினால் சரி. துரைமாரையும் கங்காணிமாரையும் கேலி செய்கிற பாட்டும் வரும். அதையும் எழுதுங்கள், வெட்ட வேண்டாம்.

பிரமுகர்களைக் கூப்பிடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. வரட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

இனி வேலை. பத்திரங்களின் அசலை யாரும் கொண்டுவர வேண்டாம்; போட்டோக் கொப்பி போதும். அசல் உங்களுக்கு அடையாள அட்டைக்கும் காணி விஷயத்துக்கும் தேவைப்படும். கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய போட்டோப் படங்களைத் தருகிறவர்களுக்குப் பேர் எழுதி ரசீது கொடுப்போம். விழா முடிந்த மறுநாள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பிள்ளை மடுவத்தில் முதல் பதிவு. கூத்து மாஸ்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொப்பியும் பென்சிலும் நாங்கள் தருகிறோம். போன் வைத்திருக்கிற தம்பிமார் முழுசாய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தால் உதவியாக இருக்கும்.