நரகம்னு பேர் வந்தது கல் ரோட்டால இல்ல

இன்னைக்கு ஒரு சைக்கிள் ரேஸ் பத்திப் பேசப் போறோம். பேரு பாரிஸ்–ரூபே. 1896-ல ஆரம்பிச்சது. பிரான்ஸ்ல வருஷா வருஷம் நடக்கும், ஒரே நாள்ல முடிஞ்சுடும். யூடியூப்ல கிளிப் பாத்திருப்பீங்க. கல்லு பாவின ரோடு, மூஞ்சி முழுக்க சேறு, ஜெயிச்சவர் கையில கோப்பைக்குப் பதிலா ஒரு கல்லு.

இதுக்கு 'வடக்கின் நரகம்'னு ஒரு பட்டப்பேர் உண்டு. அந்தக் கல் ரோட்டைப் பாத்தா, அதனாலதான் இந்தப் பேருன்னு யாருக்கும் தோணும். ஆனா அந்தக் காலத்துல வட பிரான்ஸ்ல கல் ரோடு ரொம்ப சாதாரணம். அதுக்காக யாரும் நரகம்னு சொல்லல.

நம்ம கோடுல பழைய ஃபங்ஷன் பேர் ஒண்ணு இருக்கும்ல? ஏன் அப்படி வச்சாங்கன்னு டீம்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது. புதுசா வர்றவங்க ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. கிட் ஹிஸ்டரியத் தோண்டினாதான் உண்மை தெரியும். இந்தப் பேருக்கும் தோண்டிப் போனா 1919-ல போய் நிக்கும்.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-ல முடிஞ்சது. போரால நாலு வருஷம் ரேஸே நடக்கல. ரேஸ நடத்தினது 'லோட்டோ'ங்கிற விளையாட்டுப் பத்திரிகை. மறுபடி நடத்தணும்னா முதல்ல ரோடு இருக்கணுமே? அதைப் பாக்க ஒரு குழு பாரிஸ்லேர்ந்து கிளம்புச்சு. ஆரம்பத்துல எல்லாம் ஓரளவு நல்லாதான் இருந்துச்சு. வடக்க போகப் போக, ஊர்கள் இடிஞ்சு கிடக்கு. மரமெல்லாம் கரிக்கட்டையா நிக்குது. நிலம் முழுக்க குண்டு விழுந்த பள்ளம். பத்திரிகைக்காரங்க அதுக்கு வச்ச பேர்தான் 'நரகம்'.

இருந்தும் 1919 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு ரேஸ் நடந்துச்சு. 280 கிலோமீட்டர். வழியில ஒரு லெவல் கிராஸிங்ல ரயில் குறுக்க நிக்குது. முன்னாடி வந்தவங்க காத்திருக்கல. கதவைத் திறந்து, சைக்கிளத் தூக்கிட்டு பெட்டிக்குள்ள ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிட்டாங்க! ஜெயிச்சது ஆன்ரி பெலிசியே. 12 மணி 15 நிமிஷம். சராசரி வேகம் மணிக்கு 22.8 கிலோமீட்டர். இப்ப ஜெயிக்கிறவங்க 45-ஐத் தாண்டுறாங்க. அந்த ரோடு எந்த நிலைமையில இருந்துச்சுன்னு இந்த ஒரு நம்பரே சொல்லிடும்.

அன்னைக்கு ஸ்டார்ட் லைன்ல யாரு இல்லங்கிறதையும் பாக்கணும். ஒக்தாவ் லாபீஸ், 1909, 1910, 1911-னு தொடர்ந்து மூணு தடவ ஜெயிச்சவர். போர் விமானியா இருந்தப்ப 1917 ஜூலையில சுட்டு வீழ்த்தப்பட்டார். லக்ஸம்பர்க்காரர் ஃபிரான்ஸ்வா ஃபபேர், 1913-ல ஜெயிச்சவர். 1915 மே மாசம் அராஸ் பக்கத்துல நடந்த சண்டையில செத்துப் போனார். பாரிஸ்லேர்ந்து ரூபே போன அன்னைய ரேஸ் பாதை அந்த அராஸ் வழியாதான் போச்சு. அதாவது, கூட ஓட்டினவர் செத்த இடத்துக்குப் பக்கத்துல மத்தவங்க பெடல் பண்ணிட்டுப் போயிருக்காங்க.

பின்னாடி ரோடெல்லாம் தார் ரோடா மாறிடுச்சு. அப்புறம் ரேஸ் நடத்துறவங்களே மிச்சமிருந்த கல் ரோட்டத் தேடிப் பிடிச்சு பாதையில சேத்தாங்க. பழைய பேர் அப்படியே அந்தக் கல்லு மேல ஒட்டிக்கிச்சு.

ஏப்ரல்ல ரேஸ் வரும்போது கண்டிப்பா பாருங்க, செம த்ரில்லா இருக்கும். கமெண்டேட்டர் நரகம்னு சொல்றப்ப மட்டும் லாபீஸையும் ஃபபேரையும் ஒரு செகண்ட் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.