கெளுத்தியின் முகலட்சணம்

உடலின் இருபுறமும் ஈரடுக்காய் எலும்புத் தகடுகள் பூண்டு, மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு, நினைத்தபோது நீர்மட்டத்துக்குப் பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி வரும் கோரிடோரஸ் கெளுத்திகளை மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆகையால் அவற்றின் பொது லட்சணங்களை விட்டுவிட்டு, ஒன்றுபோல் தோன்றும் இனங்களைப் பிரித்தறியும் வித்தையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வர்ணத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, புள்ளியையும் கோட்டையும் கண்டவுடன் பெயர் சூட்டிவிடும் இக்கால வழக்கம் எனக்குச் சற்றும் உவப்பானதன்று. கடைகளில் ‘ஜூலி’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஜூலியே அல்ல. 1872-இல் கோப் என்பவர் பெருவிலிருந்து வர்ணித்த டிரைலினியேட்டஸ் அவை. மெய்யான ஜூலி பிரேசிலின் வடகிழக்குப் பக்கத்து மீன். அதன் தலையில் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும், மற்றதன் தலையில் அவை ஒன்றோடொன்று கூடிப் புழுநெளிவுகளாக ஓடும். இங்கும் விடை தலையில்தான் இருக்கிறது.

ஆனால் என் மனம் கவர்ந்தவை ரியோ நீக்ரோ நதியின் மேற்பகுதியில் வாழ்பவை. 1982-இல் பர்கெஸ் வர்ணித்த அடால்ஃபோய், மறு ஆண்டே நைசனும் இஸ்பிருக்கரும் வர்ணித்த இமிடேட்டர் ஆகிய இவ்விரண்டுக்கும் ஒரே வேஷம்: கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, பிடரியில் ஆரஞ்சுத் திலகம், முதுகு நெடுகக் கருங்கோடு. வர்ணத்தை நம்பியவன் இங்கே திகைத்து நிற்பான். மூக்கைப் பார்த்தவனுக்கோ சந்தேகமே இல்லை. அடால்ஃபோயின் முகம் குட்டையாய் உருண்டிருக்கும், இமிடேட்டரின் மூக்கு நீண்டு சரிந்திருக்கும்.

ஒரு கடைத் தொட்டியில் அடால்ஃபோய்க் கூட்டத்தின் நடுவே நீண்ட மூக்குடைய ஒன்று கலந்திருக்கக் கண்டு, கடைக்காரர் விளக்கணைக்கும் வரை நான் நகராமல் நின்றதுண்டு. மற்றவை மேல்மணலைக் கிளறிக்கொண்டிருக்க, அது ஒன்று மட்டும் கண் மறையும் ஆழத்துக்கு முகத்தைப் புதைத்து, செவுள் வழியே மணலைச் சிந்தியபடி இரை தேடிக்கொண்டிருந்தது. முகம் வேறு என்றால் உணவு தேடும் முறையும் வேறு.

வேஷம் ஒத்தும் மூக்கு வேறுபட்டவை கூடி வாழ்வதன் காரணத்தை 2011-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆராய்ச்சி விளக்கியது. முள்ளும் விஷமும் உடைய இம்மீன்கள் ஒரே வேஷம் தரித்தால், பகைமீன் ஒன்றைத் தீண்டி வருந்திய பாடம் மற்றதற்கும் காப்பாகிறது; ஆயினும் ஒரே இரைக்குப் போட்டியிடும் நெருங்கிய உறவினங்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வது அரிது; ஆகவே வேஷம் ஒத்து, மூக்கு வேறுபட்ட தூரத்து உறவினங்களே பெரும்பாலும் கூடி வாழ்கின்றன. 2024-இல் கோரிடோரஸ் கெளுத்திகளைத் திருத்தி வகுத்தபோது அடால்ஃபோய் ஹாப்லிசோமாவிலும் இமிடேட்டர் புரோகிஸிலும் என, இரண்டும் வெவ்வேறு பேரினங்களில் சேர்ந்தன. வர்ணத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

முகமும் கைகொடாத இடம் ஒன்று உண்டு. 1995-இல் சாண்ட்ஸ் வர்ணித்த டூப்ளிகேரியஸ் அடால்ஃபோயைப் போலவே குட்டை மூக்கு உடையது. முதுகுப் பட்டை அதில் அகலம், அடால்ஃபோயில் குறுகல் என்பது முதல் குறிப்பு. மார்புத் துடுப்பு முள்ளின் விளிம்பிலுள்ள ரம்பப் பற்கள் டூப்ளிகேரியஸில் பெரியவை என்பது இரண்டாவது. அப்பற்களைப் பார்க்க வலையைப் பயன்படுத்த வேண்டாம்; விறைத்த முள் கண்ணியில் சிக்கி மீன் துன்புறும். கண்ணாடிக் கிண்ணத்தில் நீரோடு ஏந்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியால் நோக்கிவிட்டு உடனே தொட்டியில் விட்டுவிடுங்கள்.